மச்சான் வாயில் மிழலை

"ஏ மியல! சோறு ஆறிப் போவுது, வூட்டுக்கு வாடி!"

ராயபுரத்தில், எங்கள் பக்கத்துத் தெருவில், போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட குரல். விளையாடிக்கொண்டிருந்த பெண் குழந்தைகளில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூவரில் ஒருத்திகூட என் மகள் இல்லை. நான் மட்டும் நடுத்தெருவில், ஏழு வருடத்துக்கு முந்தைய வெட்கத்தில் காது சுட நின்றிருந்தேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் வேறெந்தக் குழந்தைக்கும் இல்லாத பெயர் என் குழந்தைக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். எட்டு மாதம் அகராதியைப் புரட்டினேன். (என் மனைவி செல்வி வாந்தியெடுத்துக்கொண்டிருந்த எட்டு மாதம். தலையைப் பிடித்துவிட்டதெல்லாம் அவள் அண்ணி.) கிடைத்தது மிழலை. குழந்தையின் குதலைப் பேச்சு என்று பொருள். சொல்லிப் பார்த்தால் நாக்கு உள்ளே மடிந்து, ஒரு அலை கரை தொட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கும். அந்த ழகரத்துக்காகவே எடுத்தேன். எங்கள் பக்கம் அந்த எழுத்து யார் நாக்கிலும் தங்காது என்பது, இதே ராயபுரத்தில் பிறந்து, இருபது வயதில் கண்ணாடி முன் நின்று 'மயை'யை 'மழை'யாகவும் 'எய்து'வை 'எழுது'வாகவும் ஆக்கிக்கொண்ட எனக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் திமிர்.

பெயர் சூட்டும் நாள் வந்தது. எங்களில் தாய்மாமன்தான் குழந்தையை மடியில் வைத்து, அதன் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். செல்வியின் அண்ணன் தேசிங்கு துறைமுகத்தில் கன்டெய்னர்களின் மேல் ஏறி, அவை சரியாதபடி கம்பி முறுக்கிக் கட்டுகிறவர். புது வேட்டி சரசரக்க உட்கார்ந்து, வெற்றிலையைக் காதருகே பிடித்துக் குனிந்தார்.

"மியல."

"மிழலை, மச்சான்," என்றேன்.

"அதாம்பா சொன்னேன். மியல."

"நாக்கை மடிங்க. ழ... ழ..."

அறுபது பேர் நிறைந்த கூடத்தில் வாயை அகலத் திறந்து என் நாக்கைக் காட்டினேன். (அந்தப் புகைப்படம் ஆல்பத்தில் இருக்கிறது. யார் வந்தாலும் செல்வி முதலில் அதைத்தான் காட்டுவாள். பல்வலியா என்று கேட்பார்கள்.)

மச்சானின் கூட்டாளி ஒருவர் பின்னாலிருந்து, "இன்னா நைனா, கொயந்தைக்குப் பேரு வெக்கிறியா, தேசிங்குக்குப் பரிட்ச வெக்கிறியா?" என்றார். கூடம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. நெற்றி வேர்க்க, மூன்றாம் முறைக்குக் குனிந்தார்.

அப்போதுதான் அதைச் செய்தேன். குழந்தையை அவர் மடியிலிருந்து தூக்கி, நானே அதன் காதில் மூன்று முறை சுத்தமாகச் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் தான் கொண்டுவந்திருந்த வெள்ளி அரைஞாண் கொடியைத் தொட்டிலில் வைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போனார். (பிரியாணி அவர் ஏற்பாடு.)

"பத்து நாளா குளிக்கசொல்லோ கூட அந்தப் பேரத்தான் சொல்லிகினு கெடந்தாரு தம்பி," என்றார் அண்ணி.

செல்வி ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்கண்ணன் வெக்காத பேரு என் கொயந்தைக்கு வாணாம்."

மறுநாள் காலை, பெயரில்லாத குழந்தையோடு துறைமுக வாசலில் நின்றோம். கரித்தூள் காற்று. கண்ணுக்கெட்டிய வரை லாரி வரிசை. வேலைக்குப் போகும் கும்பலின் நடுவே மச்சான் வந்தார். மன்னிப்புக்கென்று அழகழகாக வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தையை நீட்டினேன்.

"நீங்க சொல்லுங்க மச்சான். உங்க வாயில எப்படி வருதோ, அப்படி."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். குனிந்தார். அந்நேரம் பார்த்து லாரிகள் ஹார்ன் அடித்தன. குழந்தைக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து, காசிமேடு வரை கேட்கும்படி கத்தினார்.

"மியல! மியல! மியல!"

குழந்தை விழித்து அவரையே பார்த்தது. அழவில்லை. கூட நின்றவர்கள், "பேரு சோக்கா கீது தேசிங்கு!" என்று ஆளுக்கொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அவர்கள் வீட்டுத் தொட்டில்களிலும் அந்தப் பெயர் ஏறியது. யாரும் அகராதி பார்க்கவில்லை.

சங்கு ஊதியது. மச்சான் குழந்தையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலைத் தாண்டியதும் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ நல்லா எய்து மாப்ள. கூப்புட்றத நாங்க பாத்துக்கறோம்."