சுக்னா காட்டில் ஒரு பெயர்

“சித்த இரு ஜகதா, பத்தே நிமிஷம்” என்று சொல்லிவிட்டு நேபாளி வழிகாட்டியோடு மூங்கில் புதருக்கு அப்பால் போன கணவர், அரைமணி ஆகியும் திரும்பவில்லை.

சாப்பாட்டுக் கூடையோடு பாறைமேல் உட்கார்ந்திருந்த ஜகதாம்பாள் கையைப் பிசைந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்குக் கல்கத்தாவின் மற்ற ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு காசிக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் இமயமலை அடிவாரத்துச் சுக்னா காட்டில் இருவாச்சிப் பறவை பார்க்க வேண்டும். பெண் பறவை மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்க, ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டுமாம்.

“அதுக்காவது ஊட்டத் தெரியறதே” என்று அவள் ரயிலில் சொன்னதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காடு அழகாகத்தான் இருந்தது. சால மரங்கள் பூத்து வழிநெடுகப் பூவை உதிர்த்திருந்தன. ஓடைக்கரை ஈரமணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாய் ஒட்டியிருந்தன. புலியும் இதே காட்டில்தான் இருக்கிறது என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள்.

“ஏன்னா!” என்று கூப்பிட்டாள்.

கல்கத்தாவில் பவானிபூர் வீட்டில் என்றால் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடுவார். தூக்குச்சட்டியைக் கரண்டியால் தட்டினாள். கணவர் வரவில்லை, குரங்குகள் வந்தன. புளியோதரை, வடை, தூக்குச்சட்டி எல்லாம் மரத்தின் மேல் போய்விட்டன.

இலை பறிக்க வந்த பெண் ஒருத்தி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். ஜகதாம்பாள் கணவர் போன பக்கத்தைக் கையால் காட்டினாள்.

“பாபுவைக் காணோமா? பேரைச் சொல்லும்மா, நான் கூப்பிடறேன். என் குரல் மலை உச்சிவரைக்கும் போகும்!”

ஜகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் புலி. காய்கறிக்காரியிடம் கற்ற வங்காளியில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“கழுத்திலே பாம்பு இருக்குமே...”

“ஐயோ! பாபு கழுத்துல பாம்பா!”

அவள் போட்ட கூச்சலில் நாலைந்து விறகுவெட்டிகள் தடியோடு வந்து, “எங்கே, எங்கே?” என்று நின்றார்கள்.

“பாம்பு இல்லை! தலையிலே கங்கை...”

“ஆத்துல விழுந்துட்டாராம்! ஓடுங்க!”

எல்லாரும் ஆற்றுப்பக்கம் ஓடினார்கள். இலைக்காரியும் பின்னாலேயே ஓடினாள். ஜகதாம்பாள் மறுபடி தனியானாள்.

அப்போது எங்கோ ஒரு யானை பிளிறியது. குருவிகூட வாயை மூடிக்கொண்டது.

ஜகதாம்பாள் திருமாங்கல்யத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ‘குறையறது என் ஆயுசிலே குறையட்டும், ஈசுவரா.’ பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள்:

“மஹாதேவன்!”

கத்தியதும் மரியாதை நினைவுக்கு வந்தது. தபால்காரன் வாசலில் நின்று படிப்பது போல மறுபடியும் கத்தினாள்:

“ஸ்ரீமான் மஹாதேவன் அவர்களே!”

பத்தடி தூரத்து மூங்கில் புதர் அசைந்தது. மஹாதேவன் வெளியே வந்தார். பின்னால் வழிகாட்டி.

ஜகதாம்பாள் பாறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். “பாவி நான், வாய்விட்டுச் சொல்லிட்டேன். உங்க பறவையும் பறந்து போயிடுத்தா?”

“போனாப் போறது, ஜகதா.” அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அழாதே.”

வழிகாட்டிக்குப் பொறுக்கவில்லை.

“பறவை நீங்க முதல்லே கூப்பிட்டப்பவே பறந்துடுச்சும்மா. பாபுதான் என்னையும் இருமக்கூட விடாமல் அந்தப் புதருக்குப் பின்னாலேயே உட்கார வெச்சுட்டார். ‘கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச்சு, இன்னிக்காவது என் பேரைச் சொல்றாளா பார்ப்போம்’னு!”