வண்டு விஞ்ஞானியின் வீட்டுப் பயறு

“மறுபடியும் உங்க ஆபீஸ் வண்டு.”

மனைவி பயறு டப்பாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே பயறைவிட வண்டு அதிகம்.

வண்டு விஞ்ஞானிக்கு ரோஷம் வந்தது. ஆய்வகத்தில் அவருடைய வண்டுகள் பன்னிரண்டு பெட்டிகளில் கட்டுப்பாட்டோடு வசித்தன. பெட்டிக்குப் பெட்டி மெல்லிய குழாய். ஒரு பெட்டியில் வண்டுகள் அடியோடு செத்தாலும் பக்கத்துப் பெட்டியிலிருந்து சில வந்து குடியேறிவிடும், ஆகவே கூட்டம் அழியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. இரண்டு வருடமாக அழியவும் இல்லை. அடுத்த மாதம் நிபுணர் குழு வந்து அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில்தான் நிரந்தரம்.

“என் வண்டு பெட்டியை விட்டு வராது. இது கடை வண்டு.”

“ஆமா, நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு.”

விஷயம் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. பயறைப் பன்னிரண்டு சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்தார். போக வர வழியில்லாத வண்டு தனித்தனியாகத் தவித்துச் செத்துவிடும் என்று அரைமணி நேரம் விளக்கினார். அவள் கொட்டாவி விட்டபடி ஒரே கரண்டியால் பன்னிரண்டையும் கிளறிப் பார்த்தாள். மூன்றே வாரத்தில் பன்னிரண்டிலும் வண்டு.

“உங்க கண்டுபிடிப்பு நல்லாவே வேலை செய்யுதுங்க” என்று பாராட்டினாள்.

மொட்டை மாடியில் பயறை வெயிலில் பரப்பினார். வண்டுகள் பறந்துபோய் எதிர்வீட்டுச் சமையலறையில் இறங்கின. எதிர்வீட்டம்மா வந்து, படித்தவர் குடியிருக்கும் தெரு இப்படித்தான் விளங்கும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் இரண்டு வீட்டுப் பயறும் ஃப்ரீசரில் ஏறியது. ஐந்தே நாளில் அத்தனை வண்டும் குளோஸ். குழு வருவதற்கு முந்தின ஞாயிறு காலையில், பூதக்கண்ணாடியோடு அலமாரி இடுக்கெல்லாம் தேடிவிட்டு, வீட்டில் இனி ஒரு வண்டுகூடக் கிடையாது என்று அறிவித்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனைவி அவரை மரியாதையோடு பார்த்தாள்.

அழைப்புமணி அடித்தது. ஞாயிறுதோறும் கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுவரும் ஆய்வகத்து அட்டெண்டர், ஓய்வுபெறும் வயதுக்காரர், வாசலில் நின்றார். நாளைக்குப் பெட்டியெல்லாம் தயார்தானே என்று விஞ்ஞானி கேட்டார்.

அட்டெண்டர் தலையைச் சொறிந்தார்.

“நீங்க மனசு உடைஞ்சிடுவீங்கன்னு சொல்லல சார், லேப் வண்டு போன வருஷமே பூண்டோட போச்சு, அம்மா குப்பையில கொட்டச் சொல்லிக் குடுக்கிற பயறைத்தான் வாராவாரம் பெட்டியில போட்டுக்கிட்டிருந்தேன், இப்ப அங்க ஒண்ணுகூட இல்ல, சீக்கிரமா ஒரு கைப்பிடி குடுங்க.”