லோடு அண்ணனின் நாலாவது கதவு

லோடு அண்ணனை இந்த உலகத்தில் யாரும் காத்திருக்க வைக்க முடியாது. வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில், அவர் எப்போது எழுந்து போவார் என்று அவர்கள் காத்திருக்கும்படி ஆகிவிடும். அரியலூரில் இது பல் டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். திருச்சியில் புதிதாகத் திறந்திருந்த வெளிநாட்டுக் கார் ஷோரூமுக்கு மட்டும் தெரியவில்லை.

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. லாரிகளின் ஆர்.சி. புத்தகத்தில் அது பத்திரமாக இருந்தது. வேறெங்கும் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தியதில்லை. அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகள் அவருடையவை. கல்லை அளந்த வாய், உலகத்தில் எல்லாவற்றையும் லோடு கணக்கில்தான் அளக்கும். "நேத்து ராத்திரி ரெண்டு லோடு மழ சார்" என்பார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "பொண்ணுக்கு ஒரு லோடு தலமுடி. மாப்ளைக்குத்தான் அரை லோடு கூட இல்ல" என்று வருத்தப்பட்டார்.

நான் அப்போது அரியலூரில் லாரி உரிமையாளர் சங்கத்தில் குமாஸ்தா. தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். சங்கத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை என்பதால், டை கட்டிய ஆள் இருக்கும் இடத்துக்கெல்லாம் லோடு அண்ணன் என்னைக் கையோடு கூட்டிப்போய்விடுவார். 2006-இல் அவர் கார் வாங்கப் போனபோதும் அப்படித்தான் போனேன்.

ஷோரூம் பையன் எஞ்சினைப் பற்றி ஆரம்பித்தான். லோடு அண்ணன் அதைக் காதில் வாங்காமல் நேராகப் பின்சீட்டில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். திறந்தார். இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறினார். இப்படி அவர் ஏறி இறங்கியதைப் பார்த்து, வாசலில் நின்ற காவலாளி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்."

"ஓட்டறத டிரைவரு பாத்துக்குவான் தம்பி. நான் எறங்கறதப் பாக்கணும்."

எனக்கும் விளங்கவில்லை. ஊர் திரும்பும்போது சொன்னார். வெகுகாலத்துக்கு முன், பூலாம்பாடியில் அவர் மைத்துனருக்குக் கல்யாணம். மைத்துனர் என்றால் அக்காவின் தம்பி. லோடு அண்ணனின் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அன்று இவர்களிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. அதில்தான் போனார்கள். லாரியிலிருந்து இறங்குகிறவர் முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் துழாவித் துழாவி இறங்க வேண்டும். ஊருக்கு முதுகைத்தான் காட்ட முடியும். பட்டுப்புடவையோடு அக்கா அப்படி இறங்க, பந்தலில் நின்ற பெண் வீட்டுக் கூட்டம் சிரித்துவிட்டது.

"கொல்லுனு சிரிச்சாங்க சார். நான் கீழ நின்னு கை குடுத்துக்கிட்டு இருந்தேன். இப்ப மச்சான் பூலாம்பாடியில அதே எடத்துல புது வூடு கட்டறான். கிரகப்பிரவேசத்துக்கு இவ அதே வாசல்ல, முகத்தக் காட்டி, சும்மா அப்படியே கீழ கால வெச்சு எறங்கணும். கார்ல போறத எவன் பாக்கறான்? எறங்கறதத்தான் பாப்பான்."

கார் வந்தது. வந்த சில நாட்களிலேயே, நாலு கதவுகளில் ஒன்று திறக்க மறுத்தது. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து இழுத்தாலும் உள்ளிருந்து தள்ளினாலும் பின்பக்க இடது கதவு அசையாது. அவருடைய லாரி மெக்கானிக் வந்து முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தயும் பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருக்கான். இதுல எஞ்சின் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டார். "எஞ்சின் கெடக்குது, கதவப் பாருடா" என்றதும், "கதவுக்குள்ள கம்ப்யூட்டராம்ணே, நான் தொடமாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஷோரூம் வாசலில் கதவு, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையைப் போலத் திறந்தது. சர்வீஸ் மேனேஜர் டையைத் தடவிக்கொண்டு, "பர்ஃபெக்ட்டா இருக்கே சார்" என்றார். காரை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். சமயபுரம் தாண்டுவதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டது. திரும்பிப் போனோம். மறுபடி திறந்தது. மறுபடி கழுவினார்கள்.

"கதவு தெறக்கலன்னு வந்தா காரக் குளிப்பாட்டி அனுப்பறானுங்க சார். வயித்து வலின்னு போனவனுக்குச் சவரம் பண்ணிவுட்ட மாதிரி."

நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். வருத்தம் தெரிவித்து, நன்றி கூறி, தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்று பதில் வந்தது. கதவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நேரில் கேட்டால், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? "அந்தப் பக்கக் கதவு நல்லா ஒர்க் ஆகுதே சார், மேடத்தை அப்படியே நகர்ந்து வந்து இறங்கச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். லோடு அண்ணன் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமில்லை. நகர்ந்து வந்து இறங்குவது ஓர் இறங்கலா என்பதை இந்தத் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனை.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அண்ணன் சங்க ஆபீசில் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால செல்போன். எதிரில் இருப்பவருக்கும் சேர்த்தே கேட்கும்.

"சார், எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"கார்ல மொத்தம் எத்தன கதவும்மா?"

"நாலு, சார்."

"நாலுக்கு மூணுன்னு போட்டுக்க. பத்துக்கு எவ்வளவு வரும்னு நீயே பாத்துக்க தாயி."

கிரகப்பிரவேசம் நெருங்கியது. அப்போதுதான் லோடு அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வண்டி எழுந்திருக்கும்வரை முதலாளியோ டிரைவரோ பக்கத்திலேயே இருப்பார், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பது மாதிரி. ஷோரூமில் வழக்கம் வேறு. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாங்களே கூப்பிடுகிறோம் என்பார்கள்.

"நீங்க கூப்பிட வேணாம் தம்பி. நான் இங்கயே இருக்கேன்" என்றார் அண்ணன்.

"ஒரு வாரம்கூட ஆகலாம் சார்."

"ஆகட்டும்."

வாடிக்கையாளர்கள் உட்காரும் ஏசி அறையில், வெள்ளைத் தோல் சோபாவின் மூலையில் உட்கார்ந்தார். காலையில் ஷோரூம் திறக்கும்போது வருவார், விளக்கை அணைக்கும்போது போவார். வரவேற்பறைப் பெண் முதல் நாள் சிறிய கோப்பையில் காபி கொண்டுவந்தாள். அதை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, பாலாடையில ஊத்தியாந்திருக்கியே, யாருக்கும்மா கொழந்த பொறந்திருக்கு?" என்றார். மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் டம்ளரில் வந்தது.

இரண்டாம் நாள் ஒரு டிப்பர் டிரைவர் சுரங்கத்தில் தகராறு என்று சொல்ல வந்தார். மூன்றாம் நாள் இன்னும் இருவர் வந்தார்கள். பிறகு, அண்ணனை இங்கேதான் பார்க்கலாம் என்று செய்தி பரவிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தோடு அந்த அறைக்குள் நுழைந்தார்கள். சோபாவில் சிமென்ட் நிறத்தில் உட்கார்ந்த தடங்கள் விழுந்தன. நான் சங்கத் தலைவரின் கடிதம் ஒன்றை அவரிடம் காட்டப் போனபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்தது திருச்சி, இப்பால் இருந்தது அரியலூர்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, "சார், அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றார்.

"கதவு திறந்தால் போய்விடுவார்" என்றேன்.

இவ்வளவுக்கும் அசையாத ஷோரூமை அசைத்தது ஒரு தம்பதி. கார் வாங்க வந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க கிட்ட இந்த வண்டிதானே இருக்கு, எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். லோடு அண்ணனுக்குப் பொய் வராது, குத்தலும் வராது.

"வண்டி அருமைங்க. உள்ள உக்காந்தா ஒரு லோடு பஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கும். தாராளமா ஏறலாம். எறங்கத்தான் முடியாது."

மேனேஜர் ஓடிவந்தார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பாகம் மறுநாளே எங்கிருந்தோ வந்துவிட்டது.

கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. எல்லாரும் கைதட்டாத குறை. மேனேஜர் சாவியை நீட்டினார். லோடு அண்ணன் வாங்கவில்லை.

"எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு தம்பி. பட்டறையிலேந்து வெளிய வர்ற வண்டியில மொத லோடுக்கு மேஸ்திரி கூட வரணும். நாளைக்குக் காலையில பூலாம்பாடி. சாப்பாடு நம்ம வூட்டு விசேஷத்துலதான்."

"நான் மேஸ்திரி இல்ல சார், மேனேஜர்."

"பரவால்ல, வாங்க."

சோபா காலியாகும் என்றால் அந்த மனிதர் எங்கே வேண்டுமானாலும் வந்திருப்பார்.

ஆக, மறுநாள் காலை டிரைவர் பக்கத்தில் டையோடு மேனேஜர். பின்னால் இடப்பக்கம் மாம்பழ நிறப் பட்டில் அக்கா, நடுவில் லோடு அண்ணன், வலப்பக்கம் மடியில் சீர்த் தட்டோடு நான். பூலாம்பாடியில் தெரு முழுக்கப் பந்தல். சொந்தபந்தம் இடப்பக்கமாக வரிசை கட்டி நின்றது. மேளம் உரத்தது. கார் சரியாக வாசலில் நின்றது.

மேனேஜர் துள்ளி இறங்கி, குனிந்து, கதவை இழுத்தார்.

வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். நாயனக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்கள். லோடு அண்ணனின் முகம் வெளுத்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். முன்சீட்டைத் தட்டி, "ஏறுங்க தம்பி. டிரைவர், வண்டிய எடு!" என்றார்.

கார் வீட்டைத் தாண்டிப் போனது.

தெருக்கோடி வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். எல்லாரும் வலப்பக்கமாக இறங்கினோம். அவர் திட்டம் எளிமையானது. அவர் முதலில் ஏறிக்கொள்வார், அடுத்து நான், கடைசியில் அக்கா. திரும்பி எதிர்த்திசையில் போனால் வீடு வலப்பக்கம் வந்துவிடும். இவ்வளவு நாளும் கடிதம் எழுதிய எனக்கோ மேனேஜருக்கோ இது தோன்றவில்லை.

அண்ணன் ஏறிவிட்டார். நான் ஏறப்போனேன். அதற்குள் தெருவில் ஒரே கூச்சல். ஹோமத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர், மேல்துண்டு தரையில் புரள, ஓடிவந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் பாதிப் பந்தல்.

கூடப்பிறந்தவள் வாசல்வரை வந்து, இறங்காமல் போனால் என்ன அர்த்தம்? கோபித்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்?

"அக்கா! அக்கா, போவாதக்கா! என்ன கொறன்னு சொல்லுக்கா!"

"ஏன்டா இப்புடி ஓடியாற? ஓமத்த வுட்டுட்டு!" என்றார் அக்கா.

"நேர்ல வந்து அழைக்காம போன்ல சொன்னதுக்கா? தப்புதாங்கா. மாமா, நீங்களாவது சொல்லுங்க மாமா!"

தம்பி மனைவி அழுதேவிட்டாள். "அண்ணி, நான் ஏதாச்சும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க வந்து வெளக்கேத்தாம பால் காச்சமாட்டேன்."

மேனேஜர் நடந்ததை விளக்க வாயைத் திறந்தார். "ஆக்சுவலா, அந்த டோர்..." லோடு அண்ணன் காருக்குள்ளிருந்தபடியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு நிதானமாகத் தலையை வெளியே நீட்டி, "சரி மச்சான், ஆனது ஆச்சு. நீ போயி வாசல்ல நில்லு. நாங்க வரோம்" என்றார்.

கார் திரும்பி வந்தது. இந்த முறை கதவை மைத்துனர் தன் கையாலேயே திறந்தார். தம்பி மனைவி கை கொடுத்தாள். மேளம் முதலிலிருந்து தொடங்கியது. அக்கா, கூட்டத்தைப் பார்த்த முகமாக, சிரித்துக்கொண்டே, சும்மா அப்படியே கீழே கால் வைத்து இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. "டை கட்டுன ஆளெல்லாம் கூட வர்றான் பாரு" என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது.

லோடு அண்ணன் உள்ளேயே உட்கார்ந்து அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு லோடு கூட்டம் சார்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மேனேஜர் முன்சீட்டில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் கேட்டார்.

"ஏன் சார், இவரு எதுக்கு இந்தக் கதவுக்காக இந்தப் பாடு படறாரு? எனக்கென்னமோ லாரிதான் புடிக்கும். உசரமா இருக்கும், காத்து வரும். தம்பி கல்யாணத்துக்கு லாரியிலதான் போனோம். நான் எறங்குறேன், பின்னாடி எல்லாரும் என்னா சிரிப்புங்கறீங்க! நம்மளப் பாத்ததுல அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு சார்."

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் அவசரமாக எனக்குத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஆமாக்கா, சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

அந்தக் கதவு கடைசிவரை சரியாகவில்லை. அவரும் பிறகு அந்த ஷோரூமுக்குப் போகவில்லை. இடப்பக்கம் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருமுறை வாசலைத் தாண்டிப் போய், தெருக்கோடியில் திரும்பி வந்துதான் நிற்பார்கள். பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வருவார்கள். இன்றும் வாசலில் நிற்கும்போது ஒரு கார் நிற்காமல் கடந்து போனால், நான் உடனே உள்ளே போய்விடுவதில்லை. தெருக்கோடிவரை போய்த் திரும்பும் நேரம் ஆகட்டும் என்று நின்றுகொண்டிருப்பேன்.