ஊசி சிஸ்டரின் சத்தமில்லாத வண்டி

கொடைக்கானலில் எங்கள் தெருவில் ஊசி சிஸ்டருக்குப் பயப்படாத ஒரே ஜீவன் அவருடைய பெட்ரோல் மொபெட்தான். அது மட்டும்தான் அவர் எத்தனை உதை உதைத்தாலும் அசையாமல் நிற்கும். மற்றவர்கள் எல்லோரும், ராணுவத்தில் இருபது வருடம் துப்பாக்கி பிடித்த என் ஹவுஸ் ஓனர் சுபேதார் உட்பட, அவர் வருகிறார் என்று தெரிந்தால் பின்கதவைத் தேடுவார்கள்.

சிஸ்டருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஊசிகளை வீடு தேடிப் போய்ப் போடுவதை வேலையாக வைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலை, அதன்மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, கூடையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அந்த டப்பாவின் மூடி திறக்கும் ஒலியில் அழுகிற குழந்தை அழுகையை நிறுத்தும், சும்மா நிற்கிற குழந்தை அழும்.

எங்களைக் காப்பாற்றி வந்தது அந்த மொபெட்தான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல ஒரு சத்தம், இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டுவிடும். தெருவுக்குச் சுளையாக இரண்டு நிமிட அவகாசம். அதற்குள் சுபேதார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ அது. நான் ஒரு விதைக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏரிக்கரையில் ஒரு குரங்கு என் கையிலிருந்த சோளக்கதிரைப் பிடுங்கியது. நான் விடவில்லை. அது கையைக் கடித்துவிட்டுக் கதிரையும் கொண்டுபோனது. டாக்டர் ஐந்து ஊசி எழுதினார். இரண்டைப் போட்டுக்கொண்டேன். மூன்றாவது ஊசியன்று மொபெட் சத்தம் கேட்டதும் பின்சுவரைத் தாண்டிக் குதித்து சௌசௌ பந்தலுக்குள் உட்கார்ந்துகொண்டேன். சிஸ்டர் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டிருந்த சுபேதாரிடம் சொல்லிவிட்டுப் போனது பந்தலுக்குள் தெளிவாகக் கேட்டது.

"ஓடுறது அவன் இஷ்டம். நாய் மாதிரி குலைக்க ஆரம்பிச்சான்னா மட்டும் எனக்கு ஆள் விடுங்க."

மறுநாள் நான் விதைக்கடையில் இருமியதற்குக்கூட முதலாளி இரண்டடி தள்ளி நின்றார்.

இப்படி இருக்கையில், தினமும் காலையில் மொபெட்டைப் பன்னிரண்டு தடவை உதைத்து உதைத்து சிஸ்டரின் முழங்கால் வீங்கிவிட்டது. இனி உதைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதுரையிலிருந்த அவருடைய அக்கா மகன் சேதி கேட்டு, காய்கறி இறக்கிவிட்டு மலைக்குத் திரும்புகிற லாரியில் ஒரு பேட்டரி வண்டியை ஏற்றி அனுப்பினான். பிஸ்தா பச்சை நிறம். உதைக்க வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான். ஓடுகிறதா நிற்கிறதா என்று ஓட்டுகிறவருக்கே சந்தேகம் வரும்.

முதல்நாள் காலையிலேயே சுபேதார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பிடிபட்டார். நான் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தோளில் ஏதோ ஈரமாகப் பட்டது, பஞ்சு. திரும்புவதற்குள் மூன்றாவது ஊசி முடிந்திருந்தது. அன்று ஒருநாளில் மட்டும் எங்கள் தெருவில் பாக்கியிருந்த ஊசி எல்லாம் தீர்ந்தது.

டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாயிற்று. பெட்ரோல் வண்டிதான் வண்டி, மலைக்கு முறுக்கு வேண்டும் என்றது ஒரு கட்சி. எழவு வீட்டுக்குக்கூட அலுங்காமல் போகலாம், இதுதான் நாகரிகம் என்றது மற்றது. இரண்டும் உண்மை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. சமதளத்தில் பூனை மாதிரி போகிற வண்டி, ஏற்றத்தைக் கண்டால் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். கொடைக்கானலில் ஏற்றம் இல்லாத ரோடு என்றால் ஏரியைச் சுற்றி வருகிற ஒன்றுதான். அங்கே யாருக்கும் ஊசி தேவைப்படவில்லை.

தள்ளுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. மிச்சமிருந்த இரண்டு ஊசிக்கு நான் ஓடமாட்டேன் என்பதற்கு என்ன நிச்சயம், கூடவே இருந்தால் நல்லது என்று சிஸ்டர் என்னையே தேர்ந்தெடுத்தார். ஐந்து ஊசியும் முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்னால் போவது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

கரண்ட் இல்லாத நாட்களில் சிஸ்டர் வெளியே வரமுடியாது. அந்த நாட்களில் சுபேதார் வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இன்னொரு தொல்லை, வண்டி வருவது தெரியாமல் ஆட்கள் குறுக்கே வந்தார்கள். ஹாரனோ கொசு பாடுவது மாதிரி. ஆகவே மூடுபனியில் போகும்போது சிஸ்டரே "ஊசி வருது, ஊசி வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவார். நொடியில் ரோடு காலியாகும்.

அந்தச் சமயத்தில்தான் வில்பட்டிப் பக்கத்துப் பூண்டுக்காரர் சடையாண்டியின் விவகாரம் வந்தது. மண்வெட்டி காலில் பட்டு ஆழமான காயம். சீழ் வைத்துவிட்டது. காலையும் மாலையும் ஏழு நாள் ஊசி. மொபெட் காலத்தில் ஆரம்பித்த வைத்தியம் அது. சத்தம் கேட்டதுமே அவர் நொண்டிக்கொண்டே பீன்ஸ் தோட்டத்துக்குள் மறைந்துவிடுவார். அப்புறம் சிஸ்டரின் முழங்காலும் வீங்கியதில் வைத்தியம் அப்படியே நின்றுபோனது; புது வண்டி வந்தபின் கேட்டதற்கு, காயம் ஆறிவிட்டது என்று அவரே சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிறு மதியம் சடையாண்டியின் மனைவி போன் செய்து அழுதார். காயத்தின் சிவப்பு முழங்கால்வரை ஏறிவிட்டது, இன்னும் ஏறினால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், மனிதர் ஆஸ்பத்திரிக்கும் வர மறுக்கிறாராம். சிஸ்டர் போனை வைத்தார். கூடையை எடுத்தார்.

மூடுபனி அடர்ந்திருந்தது. சடையாண்டியின் வீட்டுக்கு முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். வண்டி திணறியது, நான் இறங்கித் தள்ளினேன். சிஸ்டர் அன்று குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் சடையாண்டி ஓடிவிடுவார் அல்லவா. வளைவில் ரோட்டோரம் ஒரு கரும்பாறை தெரிந்தது. ஆறடி தூரத்துக்கு நெருங்கியபோது பாறை மூச்சு விட்டது.

காட்டுமாடு. அதன் தோள் என் தலைக்கு மேலே இருந்தது. கொம்புக்கு நடுவே பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் என்று எப்படியோ சொன்னேன்.

"ஓடுனா நம்ம சோலி முடிஞ்சிரும்." சிஸ்டரின் குரல் காற்று மாதிரி வந்தது. "தள்ளாத தம்பி. வண்டிய அப்படியே புடிச்சுக்கிட்டு பின்னால போ. வெரசாப் போகாத."

அவர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி இறக்கத்தில் தானாகப் பின்னோக்கி உருண்டது. ஒரு சிறு ஒலிகூட இல்லை. மாடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது, நாங்கள் என்னவென்று அதற்குப் புரியாத மாதிரி. இருபதடி பின்னால் வந்தபிறகு, அதன் வயிற்றுக்குக் கீழிருந்து ஒரு கன்று தலையை நீட்டியது. கன்று நிதானமாக ரோட்டைக் கடந்தது. தாய் பெருமூச்சு விட்டுக்கொண்டு அதன் பின்னே புதருக்குள் போனது.

மொபெட்டாக இருந்திருந்தால் சத்தம் கேட்டு மாடு முன்னமே விலகியிருக்கும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சத்தம் போட்டிருந்தால் நாங்கள் இருந்திருக்க மாட்டோம். எந்த வண்டி நல்லது என்று டீக்கடையில் கேட்டால் நான் இன்றுவரை இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொள்கிறேன்.

திரும்பிவிடலாம் சிஸ்டர் என்றேன். அவர் கூடையைச் சரிசெய்தார்.

"இன்னைக்கு விட்டா அந்த மனுசனுக்குக் காலு போயிரும். தள்ளு."

சடையாண்டி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை கண்ணில் பட்டபோது சிஸ்டர் படியில் ஏறியாகிவிட்டது.

"வண்டிச் சத்தமே கேக்கலையே" என்றார் அவர், ஏமாற்றப்பட்டவராக.

"கேட்டிருந்தா நீங்க இங்கயா இருந்திருப்பீங்க?"

சிஸ்டர் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, ஊசி போட்டு முடித்தார். திரும்பும்போது வண்டி அடியோடு படுத்துவிட்டது. ஒரு கேரட் லாரியில் மூட்டைகளின் மேல் அதை ஏற்றி, நாங்கள் முன்னால் உட்கார்ந்து வந்தோம். இஞ்சின் ரொம்பக் கத்துகிறது, கொஞ்சம் பார்க்கக் கூடாதா என்று சிஸ்டர் டிரைவரிடம் வழியெல்லாம் குறை சொன்னார்.

மறுநாளே வண்டியில் ஒரு மாட்டுமணியைக் கட்டினார். சடையாண்டியின் வீடு நெருங்கியதும் அதற்குள் துணியைத் திணித்துவிடுவார். கடை திறக்குமுன்னும் சாத்தியபின்னும் நான் தள்ள, ஏழு நாளும் காலையும் மாலையும் போனார்.

மூன்று வாரம் கழித்து, நானும் சிஸ்டரும் டீக்கடையில் இருந்தபோது சடையாண்டி நடந்து வந்தார். நொண்டாமல். சிஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் அவரை பெஞ்சில் உட்காரவைத்து, கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், வலிக்குதா, இங்க, இங்க என்று கேட்டார். பிறகு தோட்டத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

சடையாண்டி போனபின் சிஸ்டர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். தலைவலியா சிஸ்டர் என்று கேட்டேன்.

"இல்லப்பா. காலு நல்லாக் கெடக்குல்ல, அதான்."

அவருடைய டீ ஆறிப்போயிருந்தது. நான் அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு வேறொன்று சூடாக வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன்.