லிஸ்ட் அக்கா நடத்திய பெட்டி ஒத்திகை

சிதம்பரத்திலிருந்து வெளிநாட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேரை அனுப்பிவைத்தது ஏஜென்சிகள் அல்ல, லிஸ்ட் அக்காதான். மீதிப் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் போய், குளிக்கப் பக்கெட் இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள். இத்தனைக்கும் லிஸ்ட் அக்கா புதுச்சேரியைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டும் கிடையாது.

அவரும் நானும் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. வார்டனே சாப்பாட்டு நோட்டில் 'லிஸ்ட்' என்றுதான் எழுதுவார். பகலில் அவர் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்தினார். பதினைந்து வருடமாக ஊரார் சான்றிதழ்களை நகலெடுத்ததில், யார் எந்த நாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவரவர் அம்மாவுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் கடலூர் முதுநகர்ப் பெண். அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தபோது, மாலத்தீவில் ஒரு குட்டித் தீவுப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். எல்லாம் உறுதியாகட்டும் என்று வீட்டுக்கு வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. டிகிரியையும் பாஸ்போர்ட்டையும் நகலெடுக்கக் கொடுத்தேன். அவ்வளவுதான். லிஸ்ட் அக்கா மெஷின் மூடியைத் திறந்தபடி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். "எந்தத் தீவு?"

அன்று மாலையே என் கட்டிலில் நான்கு பக்கப் பட்டியல் கிடந்தது. துணி காயப்போட நைலான் கயிறு. பிளக் அடாப்டர் இரண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு கண்ணாடி. கொட்டை எடுத்த புளி. 'பல்லைக் காட்டிவிட்டுப் போகவும்' என்று ஒரு வரி இருந்தது. சிரித்துக்கொண்டே போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். கையோடு என்னைக் கூட்டிப் போனார். எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதில் எனக்கு நிம்மதி, அக்காவுக்கு ஏமாற்றம். நல்லாப் பாருங்க என்று இரண்டு முறை டாக்டரிடம் சொன்னார்.

பட்டியலோடு விட்டிருந்தால் அவர் சாதாரண மனுஷி. அவருடைய தனிச்சிறப்பு ஒத்திகை. பெட்டி கட்டியபிறகு ஐந்து நாள், ஹாஸ்டல் அறையில் அந்தப் பெட்டியிலிருப்பதை மட்டும் வைத்து வாழ வேண்டும். எதையும் கடையில் வாங்கக் கூடாது, யாரிடமும் இரவல் கேட்கக் கூடாது. முதல் நாளிலேயே என்னிடம் ஒன்பது சுடிதார் இருப்பதும் நகவெட்டி இல்லாததும் தெரிந்தது. இரண்டாம் நாள் ஸ்கூல் விட்டு வரும் வழியில் டீக்கடையில் நின்றேன். முதல் மிடறு உள்ளே போகும்முன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கடலுக்கு நடுவுல ஏதுடி டீக்கடை?"

டீயை என் கையிலிருந்து வாங்கி லிஸ்ட் அக்காவே குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பாடம் நடத்தும் ஒத்திகை. பக்கத்து அறை நர்ஸ்களைத் தரையில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்துகொண்டார். நான் சோடியத்தைப் பற்றி இங்கிலீஷில் வேகமாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அக்கா கை தூக்கி, "மிஸ், நாட் அண்டர்ஸ்டாண்டிங்" என்றார். பதினோராவது முறை எனக்குக் கோபம் வந்து சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். அங்கேயும் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கும், அப்போது எதைக் கீழே போடுவாய் என்று அமைதியாகக் கேட்டார். நான் சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டு மெதுவாக மறுபடி ஆரம்பித்தேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. டிகிரியில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வாரத்துக்குள் அத்தாட்சி வராவிட்டால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்பாவிடம் சொன்னேன். விட்டுடும்மா, இங்கேயே இரு என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னை உடைத்தது. இனி போகவில்லை என்று முடிவு செய்து பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கட்டிலில் போட்டேன்.

மறுநாள் காலை லிஸ்ட் அக்கா கடையைத் திறக்கவில்லை. காய்ச்சலில்கூட ஷட்டரை ஏற்றியவர் அவர். என்னை பஸ்ஸில் ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிப் போனார். நான் படித்த பள்ளி, ஞானஸ்நானச் சான்றுக்குப் பங்குக் கோயில், நோட்டரி, கடைசியில் தாலுகா அலுவலகம். பங்குச் சாமியார் இவர் யார் என்று கேட்டதற்கு, நான் வாயைத் திறக்கும்முன், "ஜெராக்ஸுங்க ஃபாதர்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, இந்த ஜெனிபரும் அந்த ஜெனிபரும் ஒருத்திதான் என்று எப்படி நம்புவது என்றார்.

"சார், இவ அஞ்சு நாளு ஒரு பெட்டியிலயே குடும்பம் நடத்துனவ. இந்த மாரி இன்னொருத்தி இருந்தா காட்டுங்க, நானே கூட்டினு போறேன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிரித்துவிட்டார். காகிதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள் அத்தாட்சி கைக்கு வந்தது.

அதை வாங்கிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் திரும்பும்போது, பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும், நீங்கள் ஏன் ஒரு பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை என்று கேட்டேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நானும் பி.எட். முடிச்சவதான். போவலாம்னு இருந்தேன். அந்த லிஸ்ட்டு எனக்குப் போட்டதுடி. அப்பாவுக்குக் கை கால் வராமப் போச்சு, எட்டு வருசம் படுத்துனு இருந்தாரு. அதுக்கப்புறம் எங்க போவ? லிஸ்ட்ட ஏன் வீணாக்கணும்னு மத்தவங்களுக்குக் குடுத்தேன்."

பிறகு, டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிக்க என்றார்.

கிளம்பிய அன்று எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவி ஒன்று கைப்பையில், ஒன்று பர்ஸில் இருக்கிறதா என்று கேட்டார். பஸ் நகரும் முன்பே கடையைத் திறக்கப் போய்விட்டார்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. வருடம் ஒருமுறை விடுமுறைக்கு வருகிறேன். சென்னையில் பஸ் ஏறினால் கடலூர் முதலில் வரும். எங்கள் வீடு ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். அம்மா காலையிலிருந்தே மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பாள். நான் கடலூரில் இறங்குவதில்லை. சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். அம்மாவுக்கும் அது தெரியும். "அக்காவைப் பார்த்துட்டு மெதுவா வா" என்று போனில் சொல்வாள்.