ஒன்றரை சென்ட்டுக்காக ஆர்வில் டெஸ்டால் பனியொடு பொருத படலம்

வாழ்க எண்பத்தெட்டுக் கட்டைகளின் கோணல் தீர்க்கும் கோமான். வாழ்க சுருதி முறுக்கும் செங்கையன். வடக்கு டகோட்டாவின் வெளியெங்கும் பழைய வேன் ஒன்றே தேராக உருண்டு, பள்ளியும் தேவாலயமும் பண்ணைவீடும் புகுந்து, அபசுரப் பகையைக் கம்பி கம்பியாய் அடக்கிய பியானோ வேந்தன் ஆர்வில் டெஸ்டால்.

டிசம்பர் முப்பத்தொன்று காலை, காபிக் கோப்பையோடு கொலுவீற்றிருந்த அவ்வேந்தனின் செவியில் வானொலி தேன் வார்த்தது. தொழிலுக்காக ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் சிறுதொழில் செய்வோர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகையை, மறுநாள் பிறக்கும் ஆண்டு முதல் ஒன்றரை சென்ட் உயர்த்தி வரித்துறை அருளியிருந்தது. அன்றுதான் அவன் எண்பது மைல் தள்ளி, மார்வா ஹெல்ஸ்டாட் என்னும் பண்ணைக்காரியின் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் புறப்படவிருந்தான். புத்தாண்டு விருந்தில் பாட அது அவளுக்கு வேண்டும். எழுந்த வேந்தன் மீண்டும் அமர்ந்தான்.

"இன்னிக்கு ஓடுறது மட்டமான மைலு. நாளைக்கு ஓடுறதுதான் மைலு" என்று முழங்கினான்.

மனைவி லோர்னா கடித உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். "போக வர நூத்தி அறுபது மைலு. ரெண்டு டாலர் நாப்பது சென்ட் கூடக் கழியும். வரியில அறுபது சென்ட் மிஞ்சினா பெருசு. வெயில் நல்லா அடிக்குது, இப்பவே போயிட்டு வந்துடு ஆர்வில். விருந்து என்னிக்கு?"

"புத்தாண்டு விருந்து புத்தாண்டு அன்னிக்குத்தானே இருக்கும்?"

விடிந்தது புத்தாண்டு. வடதிசைக் காற்று சங்கூத, வெண்பனிப் படை வானம் மறைத்து இறங்க, வாசற்கதவை உள்ளிருந்து உந்தித் திறந்து, மண்வெட்டியே வாளாக முக்கால் மணி நேரம் பொருது தேரை மீட்டு, கண்ணாடியில் உறைந்த பனியை நூலக அட்டையால் சுரண்டி, மூக்கு சிவக்க, மீசை விறைக்க, ஒவ்வொரு மைலும் மீட்டரில் உருளுந்தோறும் உள்ளம் பூரிக்கச் சென்ற மாவீரன், நாற்பத்தோராம் மைலில் சறுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தான்.

டிராக்டரோடு வந்து சங்கிலி மாட்டி இழுத்தார் கன்னர் என்னும் முதிய விவசாயி.

"நல்ல நாளும் அதுவுமா யாருக்குய்யா பியானோ அவசரம்?"

"மைலுக்கு ஒன்றரை சென்ட் கூட்டியிருக்காங்க."

கன்னர் சங்கிலியைக் கழற்றிச் சுருட்டினார். "பள்ளத்துல சக்கரம் சும்மா சுத்துச்சே, அதுக்கும் உண்டா?"

வினாவின் ஆழம் ஆர்விலைத் தைத்தது. எஞ்சிய முப்பத்தொன்பது மைலையும், பகைமதிலை நாள்தோறும் ஒரு கல்லாகப் பெயர்க்கும் படைபோல் ஊர்ந்தே வென்று, நண்பகல் கடந்தபின், கருவிப்பெட்டி தோளில் துலங்க, மார்வாவின் வாசலில் வெற்றித் திருமகனாய் நின்றான்.

காகிதக் கிரீடம் காதுவரை சரிந்திருக்க, தூக்கம் கலையாத கண்களோடு மார்வா கதவைத் திறந்தாள்.

"நேத்து சாயங்காலம் முச்சூடும் உன்னைத்தான் எதிர்பார்த்தோம். ராத்திரி பன்னிரண்டு மணி அடிச்சதும் பாடி, விருந்து முடிச்சு எல்லாரும் போயாச்சு. சித்தப்பா அக்கார்டியன் வாசிச்சு ஒப்பேத்திட்டாரு. குளிருது, உள்ள வா, ஏதாவது சாப்பிடு."

ஆர்வில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன இறைச்சி உருண்டை மூன்று சாப்பிட்டான்.