விரல் ஐயாவும் காலி நாற்காலியும்

“பெரியம்மா, குப்புறக் கிடக்கிற சீட்டுக்குத் தான் என்ன சீட்டுன்னு தெரியுமா?”

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தலை பின்னிக்கொள்ளும்போது கேட்ட கேள்வி இது. பெரியம்மா சீப்பை நிறுத்தினார்.

“தெரியாதும்மா. அது வெறும் அட்டை.”

“அப்ப விரல் ஐயாவுக்கு மட்டும் எப்படித் தெரியுது? சீட்டே அவர்கிட்ட சொல்லும்னு அப்பா சொல்றாரே?”

பெரியவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களுக்கு எங்கே நேரம்? வரிசையில் நிற்கவே ஞாயிற்றுக்கிழமை போதவில்லை.

வரிசை சலவைக் கடையின் பக்கத்துப் படிக்கட்டில் தொடங்கும். கீழே இஸ்திரிப் பெட்டிகள் புகைவிடும். மாடியில் மனிதர்கள் வேகுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு அங்கே போக்கர் ஆட்டம். ஆடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் விரல் ஐயா வந்த பிறகு, ஆடாதவர்களும் ஐயாவைப் பார்க்கவென்று வந்து சுவரோரம் நின்றார்கள். ஒருவர் பல் வலியோடு வந்தார். பல் வைத்தியர் அந்த மேஜையிலேயேதான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் வந்தவர் கன்னத்தைக் காட்டியது விரல் ஐயாவிடம்.

ஐயாவின் வித்தை இதுதான். அந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, ஒவ்வொன்றாகத் திறக்கும். ஹார்ட்டின், டைமண்ட் என்று ஒரே சின்னத்தில் ஐந்து சேர்ந்தால் பெரிய கை. நான்கு சேர்ந்துவிட்டது, திறக்க இன்னும் ஒரே ஒரு சீட்டு இருக்கிறது என்றால் அதை அந்த அறையில் ‘ஏங்கும் கை’ என்பார்கள். வந்தால் ராஜா, வராவிட்டால் குப்பை. அப்போது மூன்று வழி உண்டு. எதிராளி கட்டியதற்குச் சமமாகப் போடலாம். சீட்டை மடித்து வைத்துவிடலாம். இல்லை, இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிடலாம். எதைச் செய்வது? மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

ஐயா வந்த பிறகு மண்டைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அவர் சீட்டுக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டைவிரலை நீட்டுவார். கண்ணை மூடுவார். “மேலே இருக்கிறவன் சொல்றான்” என்று முனகுவார். விரல் வெதுவெதுப்பாக இருந்தால், போடு. குளிர்ந்தால், மடி. எரிந்தால், தள்ளு.

கடவுளுக்கு உலகத்தில் எத்தனையோ வேலை. சலவைக் கடை மாடியில் எந்தச் சீட்டு அடுத்து வரும் என்று ஒருவருடைய கட்டைவிரலில் செய்தி அனுப்புவதும் அவற்றில் ஒன்று என்று நம்புவதற்குப் பெயர் பக்தி இல்லை. அவரை எடுபிடி ஆக்குவது.

கூலியில்தான் ஐயா எல்லோரையும் உருக வைத்தார். “ஜெயிச்சா பத்துல ஒண்ணு குடுங்க. தோத்தா எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

எவ்வளவு நேர்மை பாருங்கள் என்றார்கள். பிறக்கப்போவது ஆண் பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பெண் பிறந்தால் மட்டும் காசைத் திருப்பிக் கொடுப்பவரும் இதே அளவு நேர்மையானவர்தான்.

ஐயா ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். மடித்த பிறகு, வந்திருக்கக்கூடிய சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஏழு ஞாயிறு தரித்திரம். யாரும் பார்க்கவில்லை. பொய்ச் சாட்சி சொல்ல அஞ்சாதவர்கள்கூட அந்த ஒரு சீட்டைத் தொட அஞ்சினார்கள்.

அந்தச் சிறுமியின் அப்பா பூட்டு ரிப்பேர்காரர். அவரிடம் இருந்த சொத்து ஒரு சாவி வெட்டும் மெஷின். முதல் முறை ஐயா அவருக்கு “எரியுது, தள்ளு” என்றார். தள்ளினார். எதிரில் இருந்த லாரி புக்கிங் குமாஸ்தா பயந்து சீட்டை மடித்து வைத்துவிட்டார். நடுவில் கிடந்தது முழுவதும் பூட்டுக்காரருக்கு. அன்று ஐயாவின் காலில் விழுந்தவர் எழவில்லை. இரண்டு மாதத்தில் சேமிப்பு கரைந்தது. போன ஞாயிறு ஐயா அவர் தோளைத் தட்டி, “வர்ற வாரம் உனக்குத் தள்ளு நாள். பெரிசா எடுத்துட்டு வா” என்றார்.

சனிக்கிழமை காலை பூட்டுக்காரர் மெஷினின் நான்கு திருகாணிகளையும் கழற்றி மேஜையிலிருந்து இறக்கினார். இரும்புக் கடைக்காரர் ஞாயிறு மாலை வந்து எடுத்துக்கொள்வதாகவும், பணத்தை மதியமே தருவதாகவும் பேச்சு.

அவர் மனைவி அழவில்லை. தன் அக்காவுக்கு, அதாவது சிறுமியின் பெரியம்மாவுக்கு, ஆள் அனுப்பினார்.

அக்காவுக்குப் பல்பு கம்பெனியில் வேலை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்பது பல்பை எடுத்து எரிய வைத்துப் பார்த்து, எத்தனை செத்தது என்று எழுதுவார். இருபது வருடம். கம்பெனி முதலாளி தன் பல்பைப் பற்றி என்ன சொன்னாலும் அவருக்குக் கவலையில்லை, மாட்டிப் பார்ப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பல்பு அக்கா.

“மாப்பிள்ளை, மெஷினை வித்துக்குங்க. நான் தடுக்கலை” என்றார் அவர். “அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நானும் மாடிக்கு வர்றேன்.”

“அண்ணி, அங்க வந்து ஏடாகூடமா எதுவும் கேட்டுடாதீங்க.”

“கேக்க மாட்டேன். எண்ணுவேன்.”

ஞாயிறு மதியம் அவர் மாடி ஏறினார். சலவைக் கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐயா வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு இஸ்திரி இலவசம்.

“ஐயா, ஒரு சின்ன ஆசை” என்றார் பல்பு அக்கா. “நாலு ஹார்ட்டின் இருக்கிற ஏங்கும் கை ஒண்ணை வச்சுக்குவோம். கையில ரெண்டு, நடுவில நாலு, ஆக ஆறு சீட்டு தெரியும். அதைத் தனியா எடுத்து வச்சிடலாம். பாக்கி நாப்பத்தாறைக் கலைச்சு, மேல் சீட்டு ஹார்ட்டினா இல்லையான்னு நீங்க சொல்லணும். சொன்னதும் திருப்பிப் பாக்கணும். மறுபடி கலைக்கணும். நாப்பது தடவை.”

“விரலோட சக்தி வீணாயிடும்மா.”

“ஒவ்வொரு ஞாயிறும் அறுபது தடவை நீட்டறீங்க ஐயா. இன்னைக்கு நாப்பதுல முடிச்சிடலாம்.”

சுவரோரத்தில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்.

“திருப்பிப் பார்த்தா தரித்திரம்” என்றார் ஐயா.

“தரித்திரம் என் தலையில. எனக்குப் பழக்கம்தான், நான் சம்பளக்காரி.”

“சந்தேகப்படற ஆள் இருக்கிற இடத்துல சூடு வராது.”

“நியாயம்தான். சந்தேகப்படறது நான் ஒருத்திதான். நான் வெளிய படிக்கட்டுல உக்காந்துக்கறேன்” என்று எழுந்தார். கதவருகில் திரும்பினார். “என் நாற்காலி மட்டும் இருக்கட்டும். எனக்குப் பதிலா அது விளையாடும். அதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்: வராது. ஒவ்வொரு தடவையும் அதுதான் சொல்லும். அது சொல்றது சரியா வந்தா அதுக்கும் ஒரு கோடு போடுங்க.”

ஐயாவுக்கு மறுக்கக் காரணம் தீர்ந்துவிட்டது. பல் வைத்தியர் கட்டைக் கலைத்தார். குமாஸ்தா தாளில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் ‘ஐயா’, மற்றதில் ‘நாற்காலி’.

முதல் தடவை ஐயா “வரும்” என்றார். ஒரு கறுப்பு ஏழு வந்தது. நாற்காலிக்கு ஒரு கோடு. இரண்டாவது தடவையும் “வரும்”. டைமண்ட் வந்தது. நாற்காலிக்கு இன்னொன்று. கேட்டவர்களுக்கு ஆசை காட்டியே பழகிய வாய்; “வராது” என்று சொல்ல அதற்குக் கூச்சமாக இருந்தது.

இருபது முடிந்தபோது ஐயா எட்டு. நாற்காலி பதினாறு.

அதன் பிறகு ஐயா வரிசையாக “வராது, வராது” என்று சொல்லத் தொடங்கினார். ஐந்து தடவை தொடர்ந்து சரியாக வந்தது. அவர் முகத்தில் களை திரும்பியது. அப்போது பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“ஐயா நாற்காலியைப் பாத்து எழுதறார்.”

அறை குலுங்கியது. பல்வலிக்காரருக்கு வலி போயிற்று. ஐயாவிடம் வந்து குணமான முதல் ஆள் அவர்தான். ஐயா ரோஷத்தில் மறுபடி “வரும்” என்று ஆரம்பித்தார். நாற்காலிக்கு ரோஷம் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது.

நாற்பது முடிந்தது. குமாஸ்தா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஐயா இருபது. நாற்காலி முப்பத்திரண்டு.

பல்பு அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தாளைப் பார்த்தார். “நாப்பதுல எட்டு தடவை ஹார்ட்டின் வந்திருக்கு. அஞ்சுல ஒண்ணு. தெரியாத சீட்டு நாப்பத்தாறு, அதுல ஹார்ட்டின் ஒன்பது. அவ்வளவுதான் வரும். விரல் சூடானாலும் வரும், ஜில்லுன்னு இருந்தாலும் வரும்.”

“அப்ப இத்தனை நாள் எப்படிம்மா ஜெயிச்சோம்?” என்றார் பல் வைத்தியர்.

“ஐயா ‘மடி’ன்னா யாரும் திருப்பிப் பாக்கறதில்லை. அதனால அவர் தோத்ததே கிடையாது. ‘போடு’ன்னா அஞ்சுல ஒருத்தர் ஜெயிச்சுப் பங்கு குடுப்பார், மீதி நாலு பேர் தலைவிதின்னு வீட்டுக்குப் போவாங்க. ‘தள்ளு’ன்னு சொன்னது எத்தனை பேர் காதுல விழுந்துது? தள்ளினவங்களுக்குச் சீட்டு வந்துதா, இல்லை எதிர்ல இருந்தவங்க பயந்து மடிச்சாங்களா?”

கீழே இஸ்திரிப் பெட்டி துணியில் உட்காரும் சத்தம் கேட்டது.

குமாஸ்தா பென்சிலைக் கீழே வைத்தார். “இவர் தள்ளின அன்னைக்கு எங்கிட்ட மூணு ராணி இருந்துது. விரல் எரியுதுன்னார். மடிச்சிட்டேன்.”

பூட்டுக்காரர் அவரைப் பார்த்தார். “அப்ப அந்தக் காசு உங்களுது அண்ணே. என் கையில ஒண்ணுமே இல்லையே. நாலு ஹார்ட்டின்தான். கடைசிச் சீட்டு வரவே இல்லை.”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் சீட்டைப் பார்க்கலை. ஐயா விரலைப் பார்த்தேன்.”

ஆக, ஐயாவின் சக்தி உண்மைதான். அது விரலில் இல்லை. அதைப் பார்த்து நடுங்கியவர்களின் முழங்காலில் இருந்தது.

சுவரோரம் நின்ற இருவர் ஐயாவின் சட்டையைப் பிடித்தார்கள். கொஞ்சம் முன்பு அந்தக் கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. பல்பு அக்கா நடுவில் வந்தார்.

“விடுங்க. அவரா உங்க பையில கையை விட்டார்? நீங்கதானே எடுத்து நீட்டினீங்க.” பிறகு ஐயாவிடம் சொம்பை நீட்டினார். “தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வெயிலா இருக்கு.”

ஐயா குடித்தார். கட்டைவிரல் சொம்பின் மேல் பதிந்திருந்தது. சூடா குளிரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார்.

“அக்கா, அப்ப ஏங்கும் கை வந்தா என்னதான் செய்யறது?” என்றார் சலவைக் கடைக்காரர்.

“அஞ்சுல ஒரு தடவைதான் வரும்னு ஞாபகம் வச்சுக்குங்க. நீங்க போட வேண்டியதைப் போல நாலு மடங்குக்கு மேல நடுவில கிடந்தா போடுங்க. குறைஞ்சா மடிங்க. எதிர்ல இருக்கிறவர் பயந்தவர்னு தெரிஞ்சா மட்டும் தள்ளுங்க. இது மூணும் கஷ்டமா இருந்தா வீட்டுக்குப் போங்க. அதுல நஷ்டமே கிடையாது.”

தன் தலைக்குள் இருப்பதை மடித்து வைத்துவிட்டு அடுத்தவன் விரலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, உங்களை ஏமாற்ற ஒரு மனிதன்கூட வேண்டாம். ஒரு காலி நாற்காலி போதும். அது நல்ல நாற்காலியாக இருந்ததால் நீங்கள் பிழைத்தீர்கள்.

இரும்புக் கடைக்காரர் மாலையில் வந்து, மதியம் கொடுத்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார். நான்கு திருகாணிகளும் பழைய துளைகளில் ஏறின. பூட்டுக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு, “மூணு ராணி” என்று மட்டும் சொன்னார். மனைவிக்குப் புரியவில்லை.

புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், புக்கிங் ஆபீஸ் இருந்த தெரு இன்னும் கூட்டப்படாதபோது, பூட்டுக்காரர் பையோடு அங்கே போனார். ஷட்டரின் ஒரு பக்கப் பூட்டு எப்போதோ உடைந்து, குமாஸ்தா அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். கம்பியை அவிழ்த்தார். கொண்டியை நிமிர்த்தி, தன் கடையிலேயே விலை உயர்ந்த பூட்டை மாட்டினார். பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார், மறுபடி பூட்டினார். இரண்டு சாவிகளையும் ஒரு நூலில் கோத்து, குமாஸ்தா காலையில் திறந்து நுழையும் பக்கத்துக் கதவில், கடிதம் போடும் சந்து வழியாக உள்ளே விட்டார். அவை சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றார்.

பிறகு கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கடை திறக்க நடந்தார்.